நீளமான ஆங்கிலச் சொற்களும் தொடர்களும்: டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துப் பெரியவர்கள், ஊரிலிருந்து வேலைக்கு வந்த குருக்கள்மார், கடை நடத்துகிறவர்கள், மேட்ரிக் படிக்கும் பிள்ளைகள் என எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கொண்டுவருகிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கீழே வைத்திருக்கிறோம். பின்பாதியில் வருபவை தென்னாப்பிரிக்கச் சட்டக் காகிதங்களில் புழங்கும் தொடர்கள். அவற்றுக்குப் பொது அகராதி பல இடங்களில் கைகொடுக்காது.

இவ்வளவு நீளமான சொல்லைப் பார்த்ததும் கண்ணைக் கட்டுது. எங்கேயிருந்து படிக்க ஆரம்பிக்கணும்?

வாலிலிருந்து. தமிழில் 'வரமாட்டாதவர்களுக்காக' என்று படித்தால் வேர் தலையிலேயே இருக்கும். மற்றதெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் தலையிலும் ஒட்டு வரும், வாலிலும் ஒட்டு வரும், வேர் நடுவில் இருக்கும். வாலை முதலில் பிரித்துவிட்டால் அந்தச் சொல் ஒரு செயலைச் சொல்கிறதா, தன்மையைச் சொல்கிறதா, கொள்கையைச் சொல்கிறதா என்பது தெரிந்துவிடும். அடுத்துத் தலையைப் பிரியுங்கள். நடுவில் மிஞ்சுவது பெரும்பாலும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சின்னச் சொல்லாகவே இருக்கும்.

நேட்டால் இந்தியர் வரலாற்றில் வரும் 'டிஸ்என்ஃப்ரான்சைஸ்மென்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உள்ள 'மென்ட்' செயலைப் பெயராக்குகிறது. முன்னால் உள்ள 'டிஸ்' இருப்பதைப் பறிக்கிறது. 'என்' என்றால் ஒருவருக்கு ஒன்றை உண்டாக்கித் தருவது. 'ஃப்ரான்சைஸ்' இந்த இடத்தில் வாக்குரிமை. கடை உரிமத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆக, வாக்குரிமையைப் பறித்தல். இந்தியர்கள் வாக்காளர் பட்டியலில் புதிதாகச் சேர முடியாதபடி நேட்டால் 1896-ல் இயற்றிய சட்டம் செய்தது இதைத்தான்.

தலை ஒட்டு, வால் ஒட்டு எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?

தேவையில்லை. 'ஷன்', 'மென்ட்' என முடிந்தால் செயல் அல்லது அதன் விளைவு. 'இட்டி', 'னெஸ்' என்றால் தன்மை. 'இசம்' கொள்கை, 'இஸ்ட்' அதைப் பின்பற்றுகிறவர். 'ஏபிள்' முடியும் என்பதையும், 'லெஸ்' இல்லை என்பதையும் சொல்லும். 'ஐஸ்', 'ஃபை' வந்தால் 'ஆக்கு' என்று படியுங்கள். அன்றாடம் கண்ணில் படும் நீளச் சொற்களில் பெரும்பகுதிக்கு இவ்வளவு போதும்.

தலையில் வரும் 'இன்' மட்டும் ஏமாற்றும். 'இன்விசிபிள்' என்றால் கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் 'இன்ஃப்ளேமபிள்' என்றால் எளிதில் தீப்பிடிப்பது. அது 'இன்ஃப்ளேம்', அதாவது 'பற்றவை' என்ற வினையிலிருந்து வந்தது. அங்கே 'இன்' மறுப்பு இல்லை. தின்னர் டப்பாவில் இந்தச் சொல்லைப் பார்த்துத் 'தீப்பிடிக்காது' என்று எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் வைத்தால் ஆபத்து.

ஆங்கிலத்திலேயே மிக நீளமான சொல் எது? பிள்ளைங்க போட்டிக்குக் கேட்கிறாங்க.

பெரிய அகராதிகளில் இடம்பெற்றவற்றில் 45 எழுத்துள்ள 'நியூமோனோ-அல்ட்ரா-மைக்ரோஸ்கோப்பிக்-சிலிகோ-வோல்கேனோ-கோனியோசிஸ்' என்பதைத்தான் சொல்வார்கள். நுரையீரல், மிக மிக நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசி, நோய் என்று வரிசையாகப் பிரித்தால் பொருள் வந்துவிடும். 1935-ல் அமெரிக்கப் புதிர்ச் சங்கம் ஒன்றின் தலைவர் நீளத்துக்காகவே கட்டிய சொல் இது. மருத்துவர்கள் இதை எழுதுவதில்லை. இந்த வகை நோய்க்கு அவர்கள் சொல்லும் பெயர் சிலிகோசிஸ். நம் நாட்டுத் தங்கச் சுரங்கங்களின் பாறைத் தூசியால் எத்தனையோ தொழிலாளர்களைப் பிடித்த நோய் அதுதான். அதற்கான கூட்டு வழக்கின் இழப்பீட்டு உடன்பாட்டை ஜோகானஸ்பர்க் உயர்நீதிமன்றம் 2019-ல் ஏற்றது.

28 எழுத்துள்ள 'ஆன்ட்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்' இயல்பாகப் பிறந்த சொல். இங்கிலாந்துத் திருச்சபைக்கும் அரசுக்கும் உள்ள பிணைப்பை அறுக்கக் கூடாது என்ற கொள்கை. முதல் பதிலில் சொன்னபடி பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல பயிற்சிச் சொல் கிடைக்காது.

எழுதத் தெரியுது, வாயில வர மாட்டேங்குது. எந்த இடத்துல அழுத்தணும்?

தமிழ் பேசுகிறவர்கள் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்கிறோம், அல்லது முதல் அசையை அழுத்துகிறோம். நீளமான ஆங்கிலச் சொல்லில் ஒரு அசை மட்டும் ஓங்க வேண்டும், மற்றவை தேய வேண்டும். 'ஷன்', 'இட்டி', 'இக்' என்று முடிந்தால் அதற்கு நேர் முந்தைய அசையை ஓங்கிச் சொல்லுங்கள். 'அட்மினிஸ்ட்ரேஷன்' என்பதில் 'ஸ்ட்ரே', 'ரெஸ்பான்சிபிலிட்டி' என்பதில் 'பி', 'எக்கனாமிக்' என்பதில் 'னா'. 'பாலிடிக்ஸ்' போன்ற சில விலகும். அதில் முதல் அசைதான் ஓங்கும்.

ஒரே குடும்பத்துச் சொற்களிலும் அழுத்தம் இடம் மாறும். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசை, 'ஃபொட்டாகிராஃபி' இரண்டாம் அசை, 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாம் அசை. வாய்மொழித் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் இந்த மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பழகினாலே காது பிடித்துக்கொள்ளும்.

ஆஸ்பத்திரிப் பேப்பர்ல 'கோலிசிஸ்டெக்டமி'ன்னு போட்டு கையெழுத்துக் கேட்கிறாங்க. என்ன செய்யப் போறாங்க?

பித்தப்பையை எடுக்கப் போகிறார்கள். 'கோலி' பித்தம், 'சிஸ்ட்' பை, 'எக்டமி' வெட்டி எடுத்தல். கையெழுத்துப் போடும் முன் வாலைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் மூன்று வால்கள் உண்டு. 'எக்டமி' என்றால் உறுப்பையோ அதன் ஒரு பகுதியையோ எடுத்துவிடுவது. 'ஆட்டமி' என்றால் கீறித் திறப்பது. 'லேபராட்டமி' வயிற்றைத் திறந்து பார்ப்பது. 'ஆஸ்டமி' என்றால் புதிதாக ஒரு வாய் வைப்பது. 'கொலாஸ்டமி' செய்தால் மலம் வயிற்றில் ஒட்டிய பையில் இறங்கும். இது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, கண் விழித்ததும் பையைப் பார்த்து அதிர்கிறவர்கள் உண்டு.

'ஆஸ்கபி' கருவி விட்டுப் பார்ப்பது. 'ஐட்டிஸ்' அழற்சி. 'நெஃப்ரோ' சிறுநீரகம், 'ஹெப்பட்டோ' கல்லீரல், 'கார்டியோ' இதயம். 'எலக்ட்ரோகார்டியோகிராம்' இதயத்துக்கு, 'எலக்ட்ரோ-என்கெஃபலோகிராம்' மூளைக்கு.

ஹைப்பர், ஹைப்போ ரெண்டும் குழப்புது. எது ஏறுறது, எது இறங்குறது?

ஹைப்பர் ஏறுவது, ஹைப்போ இறங்குவது. சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 'ஹைப்போகிளைசீமியா' என்றால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். 'ஹைப்பர்கிளைசீமியா' என்றால் ஏறிவிட்டது. தென்னாப்பிரிக்க மீட்டரில் 4-க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது என்று கொள்வார்கள். ஊரிலுள்ள சொந்தக்காரர்கள் 70, 120 என்று சொல்வது வேறு அளவு. அதை 18-ஆல் வகுத்தால் நம் கணக்குக்கு வரும்.

'ஹைப்பர்டென்ஷன்' என்றால் உயர் ரத்த அழுத்தம். தமிழ்ப் பேச்சில் 'டென்ஷன்' என்றால் மனக்கலக்கம் என்று ஆகிவிட்டதால், 'எனக்கு டென்ஷனே இல்லை, எதுக்கு மாத்திரை' என்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். மனம் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஹோம் அஃபேர்ஸ்ல 'அன்அப்ரிட்ஜ்ட் பர்த் சர்ட்டிஃபிகேட்' கேட்கிறாங்க. என்கிட்ட இருக்கிறது போதாதா?

'அப்ரிட்ஜ்ட்' என்றால் சுருக்கியது, 'அன்' சேர்ந்தால் சுருக்காதது. பழைய சுருக்கச் சான்றிதழில் தாய் தந்தை விவரம் முழுமையாக இருக்காது. அந்த விவரங்களோடு வருவதுதான் அன்அப்ரிட்ஜ்ட். ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டைக்கோ பிள்ளையின் வெளிநாட்டு விசாவுக்கோ விண்ணப்பிக்கும்போது முழுச் சான்றிதழையே எடுத்துவையுங்கள். தாத்தா, பாட்டி காலத்துப் பதிவுகள் கிடைக்கத் தாமதமாகும் என்பதால் மற்ற காகிதங்களுக்கு முன்பே இதற்கு விண்ணப்பியுங்கள்.

தாத்தாவோட கப்பல் பேப்பர்ல 'இண்டென்சர்ட் லேபரர்'ன்னு இருக்கு. கூலின்னு அர்த்தமா?

ஒப்பந்தத் தொழிலாளி. 'இண்டென்சர்' என்ற சொல்லுக்குள் 'பல்' இருக்கிறது. பழைய காலத்தில் ஒப்பந்தத்தை ஒரே தோலில் இரண்டு முறை எழுதி, நடுவில் பற்கள்போல் நெளிநெளியாக வெட்டி ஆளுக்கொரு பாதி எடுத்துக்கொள்வார்கள். இரண்டு விளிம்பும் பொருந்தினால் பத்திரம் உண்மை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலில் இருந்தவர்களும், அதன்பின் 1911 வரை வந்தவர்களும் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில்தான் கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். 'கூலி' என்பது அவர்கள்மேல் வீசப்பட்ட வசைச்சொல். காகிதத்தில் இல்லாதபோது அதை நாமே போட்டு எழுத வேண்டாம்.

அஃபிடவிட்டை வீட்டுலயே கையெழுத்து போட்டு எடுத்துட்டுப் போகலாமா?

கூடாது. இது சத்தியக் கடதாசி. 'கமிஷனர் ஆஃப் ஓத்ஸ்', அதாவது சத்தியம் வாங்க அதிகாரம் பெற்றவரின் கண்முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். முன்பே போட்டுக்கொண்டு போனால் மறுபடி எழுதச் சொல்வார்கள். போலீஸ் ஸ்டேஷனில் இதைக் காசு வாங்காமல் செய்து தருவார்கள்.

கையெழுத்துக்கு முன் அவர் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: இதில் உள்ளது உங்களுக்குத் தெரிந்து புரிந்ததா, சத்தியம் செய்ய ஆட்சேபம் உண்டா, அந்தச் சத்தியம் உங்கள் மனச்சாட்சியைக் கட்டும் என்று கருதுகிறீர்களா. சத்தியம் செய்ய மனமில்லாவிட்டால் 'அஃபர்ம்' என்று உறுதிமொழி சொல்லலாம். இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே மதிப்பு.

'இன் கம்யூனிட்டி ஆஃப் ப்ராப்பர்ட்டி'ன்னா நம்ம சமுதாயச் சொத்தா?

சமுதாயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கணவன், மனைவி இருவரின் சொத்தும் கடனும் ஒன்றாகக் கலந்து, இருவருக்கும் பாதிப் பாதி ஆவது. திருமணத்துக்கு முன் நோட்டரியிடம் 'ஆன்ட்டிநப்ஷியல் கான்ட்ராக்ட்' எழுதாவிட்டால் சட்டம் உங்களை இந்த முறையில்தான் வைக்கும். 'ஆன்ட்டி' இங்கே எதிர்ப்பைக் குறிக்கவில்லை, 'முன்' என்பதைக் குறிக்கிறது. 'நப்ஷியல்' திருமணம். எழுதிய மூன்று மாதத்துக்குள் அதைப் பத்திரப் பதிவகத்தில் பதிய வேண்டும். நம் மாகாணத்துக்கு அது பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இருக்கிறது. திருமணத்துக்குப் பிறகு மாற்ற நினைத்தால் நீதிமன்றம் போக வேண்டிவரும், செலவும் அதிகம்.

'அவுட் ஆஃப் கம்யூனிட்டி', அதாவது சொத்தைக் கலக்காமல் தனித்தனியே வைத்துக்கொள்வதாக எழுதியவர்களுக்கு, 1984 நவம்பர் 1 முதல், 'அக்ரூவல்' தானாகச் சேர்ந்துகொள்கிறது. வேண்டாமென்றால் வெளிப்படையாக விலக்க வேண்டும். திருமணக் காலத்தில் வளர்ந்த சொத்தைச் சமப்படுத்துவதுதான் அக்ரூவல். கணவனின் சொத்து 800,000 ராண்டும் மனைவியின் சொத்து 200,000 ராண்டும் வளர்ந்திருந்தால் வித்தியாசம் 600,000. அதில் பாதி, 300,000 ராண்ட், மனைவிக்கு. வாரிசாக வந்ததும் அன்பளிப்பாக வந்ததும் பொதுவாக இந்தக் கணக்கில் சேராது. வீட்டு வேலை பார்த்துப் பிள்ளை வளர்த்த பெண்ணுக்கு இதுவே பாதுகாப்பு; 'எக்ஸ்க்ளூடிங் அக்ரூவல்' என்ற இரண்டு சொல்லை யாராவது நுழைத்தால் ஏன் என்று கேளுங்கள்.

கோயில்ல தாலி கட்டியாச்சு. அப்போ மேலே சொன்னது எங்களுக்கும் பொருந்துமா?

சடங்கு நடத்திய ஐயர் 'மேரேஜ் ஆஃபீசர்' ஆக நியமிக்கப்பட்டவராக இருந்து, பதிவேட்டில் கையெழுத்தாகியிருந்தால் பொருந்தும். 1961-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இந்திய சமய முறைப்படி மணம் நடத்துகிறவரையும் அப்படி நியமிக்க வழி செய்கிறது. நியமனம் இல்லாதவர் நடத்தியிருந்தால் அது பதிவான திருமணம் ஆகாது. உயில் எழுதாமல் கணவர் இறந்தபோது, பதிவாகாத ஒருதார இந்துத் திருமணத்தின் மனைவியையும் வாரிசாக ஏற்க வேண்டும் என்று டர்பன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இருந்தாலும் அந்த நிலைக்குப் போய் வழக்காடுவதைவிட, முகூர்த்தம் குறிக்கும்போதே ஐயரின் நியமனத்தைக் கேட்டுவிடுங்கள்.

மச்சான் கடைக்கு பேங்க் லோன். 'ஷூரிட்டி அண்ட் கோ-பிரின்சிபல் டெட்டர்'ன்னு என் பேரைப் போட்டிருக்காங்க. சும்மா சாட்சிதானே?

சாட்சி இல்லை, மச்சான் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும். அதற்குக் கீழே பெரும்பாலும் ஒரு நீளமான வரி இருக்கும்: 'ரினன்சியேஷன் ஆஃப் தி பெனிஃபிட்ஸ் ஆஃப் எக்ஸ்கஷன் அண்ட் டிவிஷன்'. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு தொடரை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். ஜாமீன் நிற்பவருக்குச் சட்டம் இரண்டு கவசம் தருகிறது. எக்ஸ்கஷன் என்பது, கடன் வாங்கியவரிடம் முதலில் வசூலிக்கப் பார்த்துவிட்டு அதன்பின் என்னிடம் வா என்று சொல்லும் உரிமை. டிவிஷன் என்பது, ஜாமீன்தாரர் பலர் இருந்தால் என் பங்கை மட்டும் கேள் என்று சொல்லும் உரிமை. 'ரினன்சியேஷன்' என்றால் இரண்டையும் நீங்களே கழற்றிக் கொடுத்துவிடுவது. அப்புறம் பேங்க் மச்சானைத் தொடாமலே, முழுத் தொகைக்கும், நேராக உங்கள் வீட்டுக்கு வரலாம்.

கையெழுத்துக்கு முன் தொகைக்கு உச்சவரம்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'அன்லிமிடெட்' என்று இருந்தால் அவர் நாளைக்கு வாங்கப்போகும் கடனும் உங்கள் தலையில் விழலாம். கம்யூனிட்டி ஆஃப் ப்ராப்பர்ட்டியில் மணந்தவருக்கு, தன் வழக்கமான தொழில் சார்ந்த ஜாமீனாக இல்லாவிட்டால், துணைவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். அடிக்கடி நேரும் தவறு இது: கூட்டு வியாபாரத்திலிருந்து விலகியதும் ஜாமீனும் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். தானாக முடியாது. விடுவித்ததாக பேங்கிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும்.

'ஜாயின்ட்லி அண்ட் செவரலி'ன்னா பல பேரு சேர்ந்துன்னுதானே?

'செவரல்' இங்கே 'தனித்தனியாக'. சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் முழுப் பொறுப்பு. மூன்று கூட்டாளிகள் 300,000 ராண்ட் கடன்பட்டால், கொடுத்தவர் ஒருவரிடமே 300,000-ஐயும் வசூலிக்கலாம். கட்டியவர் மற்ற இருவரிடம் அவரவர் பங்கைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். 'ஜாயின்ட்லி' மட்டும் இருந்தால் ஆளுக்கு 100,000. டிவிஷன் கவசம் போனபின் வரும் அதே நிலைதான் இது.

'டொமிசிலியம் சிட்டாண்டி எட் எக்ஸிகியூட்டாண்டி' - இதென்ன மந்திரமா?

லத்தீன். சட்ட அறிவிப்புகளைக் கொண்டுவந்து தர வேண்டிய முகவரி என்று நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. ஃபீனிக்ஸ் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு உம்லாங்காவுக்குக் குடிபோனால், சம்மன் பழைய வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டாலும் உங்களுக்குக் கிடைத்ததாகவே கொள்ளப்படும். நீங்கள் வராமலே தீர்ப்பும் ஆகிவிடலாம். வீடு மாறினால் ஒப்பந்தத்தில் சொன்ன முறைப்படி, எழுத்தில், முகவரியை மாற்றுங்கள். போனில் சொன்னது போதாது.

'நாட்வித்ஸ்டேண்டிங்', 'சப்ஜெக்ட் டு' ரெண்டும் வந்தா எந்த விதி ஜெயிக்கும்?

'நாட்வித்ஸ்டேண்டிங் கிளாஸ் 4' என்றால் 4 என்ன சொன்னாலும் நான் சொல்வதே செல்லும். 'சப்ஜெக்ட் டு கிளாஸ் 4' என்றால் 4-க்கு நான் அடங்கியவன். வாடகைப் பத்திரத்தில் 4-ஆம் விதி இரண்டு வருடம் வீடு உங்களுக்கு என்று சொல்லும். 9-ஆம் விதி 'நாட்வித்ஸ்டேண்டிங் கிளாஸ் 4' என்று தொடங்கி, வீடு விற்கப்பட்டால் ஒரு மாத அறிவிப்பில் காலி செய்ய வேண்டும் என்று முடியும். 4-ஐ மட்டும் படித்தவருக்கு இரண்டு வருடம் உறுதி என்று தோன்றும். இந்த இரண்டு சொல் எங்கே கண்டாலும் பென்சிலால் வட்டமிட்டு, சொன்ன விதியைத் திருப்பிப் பாருங்கள்.

லாயர் கடிதத்துல மேலே 'விதவுட் பிரெஜுடிஸ்'ன்னு இருக்கு. பாரபட்சம் இல்லாமன்னு அர்த்தமா?

இல்லை. சமரசம் பேசும்போது எழுதுவதை நீதிமன்றத்தில் ஒப்புதலாகக் காட்டக் கூடாது என்ற பாதுகாப்பு. அந்தத் தலைப்பை ஒட்டியதால் மட்டும் எல்லாக் கடிதத்துக்கும் அது வந்துவிடாது. உள்ளே உண்மையாகவே சமரசப் பேச்சு இருக்க வேண்டும்.

அப்பா இறந்துட்டார். 'லெட்டர்ஸ் ஆஃப் எக்ஸிகியூட்டர்ஷிப்' கேட்கிறாங்க. யாருக்கு யார் எழுதுற லெட்டர்?

இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க 'மாஸ்டர் ஆஃப் தி ஹை கோர்ட்' அலுவலகம் தரும் அதிகாரப் பத்திரம். சொத்து மதிப்பு 250,000 ராண்டுக்கு மேல் என்றால் இது. அதற்குள் என்றால் எளிய நடைமுறையில் 'லெட்டர்ஸ் ஆஃப் அதாரிட்டி'. இறந்த 14 நாளுக்குள் மாஸ்டரிடம் தெரிவிக்க வேண்டும். இந்தப் பத்திரம் கையில் வரும்முன் அப்பாவின் கார்டை வைத்துப் பணம் எடுப்பது, காரை விற்பது எதுவும் செய்யாதீர்கள், கருமாதிச் செலவுக்கு என்றாலும். பின்னால் சகோதரர்களுக்குள் வழக்கு வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

வேலையிலிருந்து 'ஆப்பரேஷனல் ரிக்வயர்மென்ட்ஸ்' காரணம்னு நிறுத்திட்டாங்க. என் மேல தப்பா?

தப்பு இல்லை, ஆட்குறைப்பு. நிறுத்தும் முன் கலந்து பேசியிருக்க வேண்டும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் தர வேண்டும். வேலைநீக்கம் நியாயமில்லை என்றால் சிசிஎம்ஏ என்ற, வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பில் 30 நாளுக்குள் புகார் பதியுங்கள். அந்த அமைப்பின் பெயரிலேயே மூன்று நீளச் சொற்கள் உண்டு. 'கன்சிலியேஷன்', 'மீடியேஷன்' இரண்டிலும் நடுவர் பேசி இணக்கப் பார்ப்பார். நீங்கள் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. 'ஆர்பிட்ரேஷன்' என்றால் அவர் சொல்லும் முடிவு இரு தரப்பையும் கட்டும். முதல் நாளே சாட்சிகளோடு போய்விட்டு ஆர்பிட்ரேஷனுக்கு வெறுங்கையோடு போகிறவர்கள் உண்டு; சாட்சி தேவைப்படுவது பின்னதற்கே.

கார் வாங்கும்போது 'ஃபுட்ஸ்டூட்ஸ்'னு எழுதியிருந்தது. அகராதியில தேடினா கிடைக்கல.

ஆங்கிலம் இல்லை, டச்சு வழி வந்தது. உள்ளது உள்ளபடி என்று பொருள். தனியாள் தனியாளுக்கு விற்கும்போது மறைந்திருக்கும் பழுதுக்கு விற்றவர் பொறுப்பில்லை. பழுது தெரிந்தே ஏமாற்றி மறைத்தார் என்று நிரூபித்தால் இந்தச் சொல் அவரைக் காப்பாற்றாது. வியாபாரமாகக் கார் விற்கும் கடையில் வாங்கினால் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பி, சரிசெய்யவோ மாற்றவோ பணத்தைத் தரவோ கேட்கலாம்.

எல்லாத்துலயும் ஏற்கெனவே கையெழுத்து போட்டாச்சு. 'எனக்கு அர்த்தம் தெரியல'ன்னு இப்போ சொல்ல முடியுமா?

கையெழுத்துப் போட்டவரை அது கட்டும் என்பதே பொது விதி. புரியவில்லை என்பது மட்டும் போதாது. ஆனால் கடன் பத்திரமும் நுகர்வோர் பத்திரமும் சாதாரண ஆள் புரிந்துகொள்ளும் எளிய மொழியில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் உரிமையைப் பறிக்கும் நுகர்வோர் விதியைக் கண்ணில் படும்படி காட்டியிருக்க வேண்டும். வீடு தேடி வந்தோ போனில் அழைத்தோ விற்றிருந்தால், ஐந்து வேலை நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம்.

லாயர் வைக்க வசதியில்லாவிட்டால் லீகல் எய்ட் அலுவலகத்துக்கோ பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்துக்கோ போங்கள். போகும்போது கையெழுத்திட்ட பக்கத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். 'அனெக்ஷர்' என்று பின்னால் இணைத்த தாள்களும் ஒப்பந்தத்தின் பகுதிதான். ஜாமீன் வரியும் டொமிசிலியம் முகவரியும் பல நேரம் அங்கேதான் இருக்கும்.